நாள்வழி, பேரேடு, லினக்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே அச்சிடுகிறோம். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.)

கேள்வி: அக்கா, கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் ஒரு பகுதியில் விருந்தினர் விடுதி நடத்துகிறோம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ். அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு ஓடுகிறது. அறை முன்பதிவும் ஜிஎஸ்டி பில்லும் அதில்தான். ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில் இரண்டு முறை கரண்ட் போனது. மறுநாள் பில் போட்டால் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்றது. ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நின்றுகொண்டு, எஃப்எஸ்சிகே-யை (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை) கையால் ஓட்டச் சொல்கிறது. தெரிந்த தம்பி ஒருவர், “-ஒய் போட்டு ஓட்டுங்கண்ணே, எல்லாம் சரியாயிடும்” என்கிறார். ஓட்டட்டுமா?

பதில்: இப்போதைக்கு ஓட்டாதீர்கள், அண்ணே. தம்பி சொன்ன கட்டளை தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது மூன்று வேலை இருக்கிறது. அவற்றைத் தொடங்கும் முன் விர்ச்சுவல் மெஷினை, அதாவது விண்டோஸுக்குள் ஓடும் அந்த உபுண்டுவை, பவர் ஆஃப் செய்யுங்கள். இனிட்ராம்எஃப்எஸ் திரையில் நிற்கும்போது உங்கள் டிஸ்க் இன்னும் மவுண்ட் ஆகவில்லை (சிஸ்டத்தோடு இணைக்கப்படவில்லை), அதனால் தைரியமாக அணைக்கலாம்.

உங்கள் வீட்டு வளவையே எடுத்துக்கொள்வோம். வளவைச் சுற்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இரட்டைவீடு. தனிப் பூட்டு, தனிப் பெட்டி, தனிச் சாமான். ஆனால் மேலே இருக்கிற ஓடு எல்லோருக்கும் பொது, கீழே அஸ்திவாரமும் பொது. ஓர் அறையின் சுவரில் ஈரம் பூத்தால் அந்த அறைக்காரர் வெள்ளையடித்து என்ன ஆகப்போகிறது? ஏணி வைத்து ஏறி ஓட்டைப் பார்க்க வேண்டும். உங்கள் உபுண்டு அப்படி ஒரு அறை. அது தன் டிஸ்க் என்று நம்பிக்கொண்டிருப்பது விண்டோஸில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைல்தான், விடிஐ ஃபைல். அந்த ஃபைல் விண்டோஸின் ஃபைல் சிஸ்டத்தில் இருக்கிறது, அது நிஜமான டிஸ்கின் மேல் இருக்கிறது. உபுண்டு காட்டும் எரர் இந்த அடுக்குகளில் எதிலிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். மேல் அடுக்கை மட்டும் ரிப்பேர் செய்வது வெள்ளையடிக்கிற வேலை.

எனவே விண்டோஸிலிருந்து தொடங்குங்கள். விடிஐ ஃபைல் இருக்கும் டிரைவில் எவ்வளவு காலி இடம் இருக்கிறது? விர்ச்சுவல் டிஸ்க் பெரும்பாலும் ‘டைனமிக்’ ஆக இருக்கும், அதாவது எழுத எழுத வளரும். உபுண்டுவுக்குள் 60 ஜிபி காலி என்று தெரியும். கீழே விண்டோஸில் 2 ஜிபிகூட இருக்காது. அப்போது எழுத இடமில்லாமல் மெஷின் அப்படியே நின்றுபோகும். இதை டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பதறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இடம் இருக்கிறதா? சரி, அடுத்து நிஜ டிஸ்கின் உடம்பைப் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். ஹார்ட் டிஸ்க் என்றால் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகள் முக்கியம். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. சி6 என்பது படிக்கவே முடியாது என்று முடிவானவை. இந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும், எனவே 10 என்று தெரிந்தால் அது பதினாறு. மூன்றுக்கு நேரேயும் பூஜ்ஜியமாக இருந்தால் நல்லது. சி5-ல் ஏதாவது இருந்தால் அந்த டிஸ்கில் இனி ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம். இந்தச் சோதனையை உபுண்டுவுக்குள் இருந்து செய்து பயனில்லை. அங்கே தெரிவது பொம்மை டிஸ்க். அதற்குக் காய்ச்சலும் கிடையாது, நாடியும் கிடையாது.

மூன்றாவது, நகல். விர்ச்சுவல் மெஷினின் முழு ஃபோல்டரையும் ஒரு வெளி டிஸ்குக்குக் காப்பி செய்யுங்கள். விடிஐ-யை மட்டும் எடுத்தால் போதாது. ஸ்னாப்ஷாட் (மெஷின் ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவு) எடுத்திருந்தால் அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் வேறு ஃபைலில் இருக்கும். வெளி டிஸ்க் ஃபேட்32 வகையாக இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் அதில் ஏறாது, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். காப்பி முழுதாக முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பாதியில் நின்று படிக்க முடியவில்லை என்று சொன்னால், ஓடு உடைந்திருக்கிறது என்பது உறுதி. கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்கைக் கழற்றி, வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, டிடிரெஸ்க்யூ கொண்டு நகல் எடுக்க வேண்டும். அது முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க வருவதை எல்லாம் அள்ளிக்கொள்ளும்; அடம்பிடிக்கும் இடங்களை ஒரு மேப் ஃபைலில் குறித்து வைத்துப் பிறகு திரும்பிவரும். நடுவில் கரண்ட் போனாலும் அந்த மேப் ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், அதைக் கொடுக்க மறக்காதீர்கள். டிஸ்கிலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால் இதையும் செய்யாமல் தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோங்கள்.

நகலுக்கு நான் ஏன் இவ்வளவு மன்றாடுகிறேன் என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். மரத்தூண், பீங்கான் ஜாடி, எனாமல் பாத்திரம் என்று வந்த பொருள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, யாரிடம் எப்போது வாங்கியது என்று ஃபைலுக்குப் பெயர் வைத்து, இதே மாதிரி ஒரு விர்ச்சுவல் மெஷினில் சேர்த்திருந்தார்கள். அதே இனிட்ராம்எஃப்எஸ் திரை. நான் போவதற்குள் ஒருவர் ‘-ஒய்’ போட்டு ஓட்டி முடித்துவிட்டார். கீழே இருந்த ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

அங்கே நடந்தது இதுதான். எஃப்எஸ்சிகே ஒரு பிளாக்கை, அதாவது டிஸ்கின் ஒரு துண்டை, படிக்க முடியாதபோது இரண்டு கேள்வி கேட்கும். “இந்த எரரை விட்டுவிடட்டுமா?” என்பது ஒன்று, “அந்த இடத்தில் கட்டாயமாகத் திரும்ப எழுதட்டுமா?” என்பது இன்னொன்று. ‘-ஒய்’ என்றால் இரண்டுக்கும் ஆம். ஐநோடு என்பது ஒரு ஃபைலின் அளவு, தேதி, அது டிஸ்கில் எங்கே இருக்கிறது என்பதை எல்லாம் வைத்திருக்கும் சீட்டு. உபுண்டுவின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-ல் பொதுவாக ஒரு சீட்டுக்கு 256 பைட். 4096 பைட் பிளாக் ஒன்றில் 16 சீட்டுகள். அந்த ஒரு பிளாக்கைப் படிக்க முடியாமல் வெறுமையாகத் திரும்ப எழுதினால் 16 ஃபைல்கள் போச்சு. அந்தப் பதினாறில் ஒன்று ஃபோல்டராக இருந்தால் அதற்குள் இருந்த அத்தனையும் பெயரை இழந்து ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ ஃபோல்டரில் வெறும் எண்ணாக வந்து விழும். கடையில் அப்படித்தான் ஆனது. படங்கள் பெரும்பாலும் பிழைத்தன, பெயர்கள் பிழைக்கவில்லை. படத்துக்குள் கேமரா பதித்த தேதியைப் பார்த்து, பழைய ரசீதுகளோடு ஒப்பிட்டு, கடைக்கார அம்மாவும் நானும் நான்கு நாள் உட்கார்ந்து அடுக்கினோம். எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது பல பொருள்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஒரு நகல் இருந்திருந்தால் அதை வேறொரு நல்ல டிஸ்கில் வைத்து நிதானமாக முயன்றிருக்கலாம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். நிஜ டிஸ்க் நலமாக இருந்தால் நகலை ஓரமாக வைத்துவிட்டு இருக்கும் மெஷினிலேயே ரிப்பேர் செய்யலாம். நிஜ டிஸ்க் நோயாளி என்றால் நகலை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி அங்கே செய்யுங்கள். இரண்டிலும் முறை ஒன்றுதான்: விர்ச்சுவல் மெஷினின் சிடி டிரைவில் உபுண்டு ஐஎஸ்ஓ-வைச் செருகி, ‘ட்ரை உபுண்டு’ வழியாக உள்ளே போங்கள். டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே -எஃப் அடித்தால் எந்தப் பார்ட்டிஷனில் இஎக்ஸ்டி4 இருக்கிறது என்று காட்டும். அது எஸ்டிஏ2 என்று வைத்துக்கொள்வோம். மவுண்ட் ஆகியிருந்தால் அன்மவுண்ட் செய்யுங்கள். மவுண்ட் ஆன டிஸ்கில் எஃப்எஸ்சிகே ஓட்டுவது, கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அதே பேரேட்டைத் திருத்துவது மாதிரி.

எஃப்எஸ்சிகே-யின் முதல் ஓட்டம் ‘-எஃப் -என்’ சேர்த்து. இது பார்க்க மட்டும் செய்யும், எழுதாது. இதில் எரர் பட்டியல் நீளமாக வந்தாலும் பயப்படாதீர்கள். ஜர்னலைத் தொடாமல் பார்ப்பதால் உள்ளதைவிட மோசமாகவே தெரியும்.

ஜர்னல் என்றதும் எனக்கு என் தாத்தா நினைவுக்கு வருகிறார். தேவகோட்டையில் ஒரு லேவாதேவிக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வரவு செலவு நடக்க நடக்க நாள்வழியில் எழுதுவார். இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேரேட்டில் அவரவர் பக்கத்துக்கு ஏற்றுவார். பாதியில் விளக்கு அணைந்தால்கூடக் கவலையில்லை. காலையில் நாள்வழியைப் பிரித்து, ஏறாமல் விட்டதை ஏற்றினால் போதும். இஎக்ஸ்டி4-ன் ஜர்னல் அச்சாக அந்த நாள்வழி. வழக்கமாக 5 விநாடிக்கு ஒரு தரம் பதியும். ஆனால் சாதாரண அமைப்பில் அது பதிவது ஃபைலின் உள்ளடக்கத்தை இல்லை. சீட்டுகளில் நடந்த மாற்றத்தை மட்டும். அதனால் கரண்ட் போனபின் ஃபைல் சிஸ்டம் சரியாக இருந்தும் கடைசியாக எழுதிய ஃபைல் அரைகுறையாக இருக்கலாம்.

இன்னொன்று, நாள்வழி முதலில், பேரேடு பிறகு என்ற வரிசை கட்டாயம். கீழ் அடுக்கு ஏதாவது ஒன்று வேகத்துக்காக “எழுதிவிட்டேன்” என்று பொய் சொல்லி, உண்மையில் மெமரியில் வைத்துக்கொண்டிருந்தால், கரண்ட் போகும்போது வரிசை குலைகிறது. பேரேட்டில் இருக்கும், நாள்வழியில் இருக்காது. விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் கேவிஎம் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் வசதி) பயன்படுத்துகிறவர்கள் டிஸ்கின் கேஷ் அமைப்பு ‘அன்சேஃப்’ என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். அதில் விருந்தாளி மெஷின் (உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷின்) “டிஸ்குக்குத் தள்ளு” என்று சொல்வது காதிலேயே ஏறாது.

நிஜ ஓட்டத்தில் ‘-என்’-ஐ எடுத்துவிட்டு ‘-எஃப்’ மட்டும் போட்டு ஓட்டுங்கள். முதலில் ஜர்னலை ஏற்றிவிடும். பெரும்பாலான எரர் அதிலேயே போய்விடும். மீதிக்குக் கேள்வி கேட்கும். காலி பிளாக் எண்ணிக்கை தப்பு என்ற மாதிரி வந்தால் ஒய் அழுத்திக்கொண்டே போகலாம். பிளாக்கைப் படிக்க முடியவில்லை என்று வந்தால் உடனே நிறுத்துங்கள், நிஜ டிஸ்கைத் திரும்பப் பாருங்கள். முடிந்ததும் இன்னொரு தரம் ஓட்டுங்கள், சுத்தம் என்று சொல்லும் வரை. ‘பேட் மேஜிக் நம்பர்’ என்று தொடக்கத்திலேயே நின்றால் எஸ்டிஏ2-க்குப் பதில் எஸ்டிஏ என்று அடித்தீர்களா என்று பாருங்கள், பாதிப்பேருக்கு அதுதான் காரணம். பெயர் சரிதான் என்றால் மாற்று சூப்பர்பிளாக்கை (ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புப் பக்கம்) காட்டலாம்; 4096 பைட் பிளாக் உள்ள டிஸ்கில் முதல் நகல் 32768-ல் இருக்கும். ‘-பி 32768’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

உபுண்டு எழுந்து வந்ததும் பில் போடத் தொடங்காதீர்கள். டேட்டாபேஸை முதலில் டம்ப் (முழு நகல்) எடுங்கள். பிறகு கடைசி இரண்டு நாள் பில் எண்களை, நீங்கள் விருந்தினருக்குக் கொடுத்த காகித நகலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். நடுவில் ஒரு எண் காணாமல் போயிருந்தால் இப்போதே ஆடிட்டரிடம் சொல்லி வைப்பது நல்லது.

ரீட்-ஒன்லி என்று வந்தபோது ரீஸ்டார்ட் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த தரம் அதற்கு முன் டிமெசெஜ் (டி-எம்-இ-எஸ்-ஜி) கட்டளையின் கடைசி 50 வரியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் தன் கணக்கில் தப்பைக் கண்டதும் இனி எழுத மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டது. ஏன் என்று அந்த வரிகளில் சொல்லியிருக்கும். ‘ஐ/ஓ எரர்’ என்றால் கீழ் அடுக்கு. ‘இஎக்ஸ்டி4-எஃப்எஸ் எரர்’ மட்டும் என்றால் பெரும்பாலும் மேல் அடுக்கு. எக்காரணம் கொண்டும் ரீமவுண்ட் போட்டுத் திரும்ப எழுத வைக்காதீர்கள்.

கேள்வி: காரைக்குடியில் பொறியியல் படிக்கிறேன் அக்கா. ராக்கி லினக்ஸ் விஎம் (விர்ச்சுவல் மெஷின்). ‘ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்’ என்று மவுண்ட் ஆக மறுக்கிறது. எஃப்எஸ்சிகே ஓட்டினால் ஒரு விநாடியில் முடிந்து எதுவும் சொல்லவில்லை. டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது தம்பி. உங்களுடையது எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 போல இன்னொரு வகை ஃபைல் சிஸ்டம். அதற்கான எஃப்எஸ்சிகே எதையும் சோதிக்காமல் வெற்றி என்று சொல்லித் திரும்பிவிடும். அப்படித்தான் எழுதியே வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர். மேலே சொன்ன நகல் உங்களுக்கும் பொருந்தும். பிறகு ‘-என்’ போட்டுப் பாருங்கள். நிஜமாக ஓட்டும்போது லாக்கில் ஏறாத பதிவு இருந்தால், முதலில் மவுண்ட் செய்து அன்மவுண்ட் செய்துவிட்டு வா என்று சொல்லும். அதைக் கேளுங்கள், அந்த மவுண்டில்தான் நாள்வழி ஏறும். மவுண்டே ஆகவில்லை என்றால் ‘-எல்’ என்ற கடைசி வழி இருக்கிறது (இந்த எல் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து). அது நாள்வழியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேரேட்டை மட்டும் சரிசெய்வது. கடைசி நேரத்து வேலை போகும், சில ஃபைல் லாஸ்ட்+ஃபவுண்டுக்கு வரும். தேர்வு புராஜெக்ட் அதில் இருக்கிறது என்றால் நகலில் மட்டும் ‘-எல்’ போட்டுப் பாருங்கள்.

கேள்வி: புதுவயலில் அரிசி ஆலை. எடை மேடைக் கணினியின் விஎம்மில் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ என்று வருகிறது. காலி இடம் காட்டும் டிஎஃப் கட்டளையில் பார்த்தால் பாதிக்கு மேல் காலி. டிஸ்க் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. டிஎஃப் கட்டளையோடு ‘-ஐ’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்து அடித்துப் பாருங்கள். ஐநோடு சீட்டு நூறு சதவீதம் தீர்ந்திருக்கும். கிடங்கில் இடம் இருக்கிறது, மூட்டைக்குக் கட்ட அட்டைதான் இல்லை. எடை போடும் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு குட்டி ஃபைல் எழுதும் மென்பொருள்களில் இது வழக்கம். போன வருடத்து ஃபைல்களை ஒரே டார் ஃபைலாகக் கட்டி, வேறு டிஸ்கில் வைத்து, பிரித்துச் சரிபார்த்த பிறகு பழையதை அழியுங்கள்.

கேள்வி: ஆத்தங்குடியில் கல் பட்டறை வைத்திருக்கிறோம். ஆர்டர் கணக்கும் வடிவமைப்புப் படங்களும் லினக்ஸ் விஎம்மில். வீட்டுக்குப் போட்ட இன்வெர்ட்டரிலேயே கம்ப்யூட்டரும் ஓடுகிறது. கரண்ட் போனால் அணைவதில்லை. இருந்தும் மூன்று மாதத்தில் இரண்டு முறை ஃபைல் சிஸ்டம் கெட்டது. ஏன்?

பதில்: அண்ணே, கரண்ட் போகும் அந்தக் கணத்தைவிட, பேட்டரி தீரும் கணத்தைப் பாருங்கள். ராத்திரி கரண்ட் போய், விசிறியும் விளக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்து பேட்டரியைக் குடித்து, விடியற்காலையில் எல்லாம் ஒன்றாக அணைகிறதா என்று வீட்டில் கேளுங்கள். அப்படி என்றால் இன்வெர்ட்டர் கரண்ட் கட்டைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு என்று தனியாக ஒரு யூபிஎஸ் வாங்குங்கள். யூஎஸ்பி கேபிள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்தக் கேபிள் வழியாகப் பேட்டரி குறைகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஹோஸ்டும் (விஎம்மைத் தாங்கும் நிஜக் கம்ப்யூட்டர்) லினக்ஸ் என்றால் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் நிறுவினால் அது முறையாக ஷட்டவுன் செய்யும். ஹோஸ்ட் அணைவதற்கு முன் விஎம் அணைய வேண்டும், இந்த வரிசையை ஒரு முறை பகலில் நீங்களே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள்.

பட்டறையில் வண்ணச் சாந்து ஊற்றும்போது கண்ணாடி மேல் அச்சு அசையாமல் இருக்க எவ்வளவு கவனம் எடுக்கிறீர்கள்! வடிவமைப்புப் படங்கள் எல்லாம் அந்த விஎம்மில்தான் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்கில், அதே ஃபைலை நம்பித்தான் இருக்கிறது. வாரம் ஒரு நாள் விஎம்மை அணைத்து வெளி டிஸ்குக்கு எடுத்து, டிஸ்கைப் பட்டறையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஏற்கெனவே வைத்திருக்கிறேன். 05, சி5, சி6 எல்லாம் பூஜ்ஜியம். சி7 மட்டும் பெரிய எண்ணாக இருக்கிறது. விஎம்மில் அவ்வப்போது ஐ/ஓ எரர் வருகிறது. டிஸ்கை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். சி7 என்பது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் போகும் வழியில் செய்தி சிதைந்த எண்ணிக்கை. பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். அணைத்து, புதுக் கேபிள் போட்டு, இரு முனையும் ‘டிக்’ என்று அமரும்படி மாட்டுங்கள். அன்றைய எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். கேபிள் மாற்றினாலும் அந்த எண் குறையாது. ஒரு வாரம் கழித்தும் அதே எண்ணில் நின்றால் வேலை முடிந்தது. ஏறியிருந்தால் மதர்போர்டில் வேறு சாக்கெட்டில் மாட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.